விரோதி வருஷம்

திருவையாறு
16.06.2025

மதிப்பிற்குரிய தங்கமணி அத்தைக்கு,

குந்தவை வணக்கத்துடன் எழுதுகிறேன். கீழ்வேளூரில் நீங்களும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேர். அண்ணனும் நானும் சுகம். அப்பா சுகமில்லை.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் ஒரே போன் பிரபு அண்ணனுடையது. அது இருந்தாலும் எனக்குப் பேச வராது. எதிரில் ஆள் நின்றாலே வார்த்தை தொண்டையில் நின்றுவிடும், உங்களுக்குத் தெரியும். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றாலும் எழுத மட்டும் வருகிறது.

மாசியில் வாய்க்கால் வெட்டும்போது அப்பாவின் வலது கால் கட்டைவிரலில் மண்வெட்டி பட்டது. சின்னக் காயம்தான். ஆறவே இல்லை. சித்திரையில் விரல் நுனி கறுத்தது. இப்போது அவர் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டபடியே இருக்கிறார். தொங்கப் போட்டால் வலி கொஞ்சம் அடங்குகிறதாம், தூக்கி வைத்தால் உயிர் போகிறதாம்.

போன வாரம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். காலுக்குப் போகிற ரத்தக்குழாய் தொடையிலேயே அடைத்துவிட்டதாம். பாதத்துக்கு ரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறதாம். பீடிதான் முதல் காரணம் என்றார் டாக்டரம்மா. பிறகு அண்ணனை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"கால்லேருந்தே ஒரு ரத்தக்குழாய எடுத்து, அடைப்பத் தாண்டி வச்சுத் தைக்கலாம். ஆனா அஞ்சாறு மணி நேர ஆபரேஷன். ஆதார் கார்டுப்படி எழுபத்தாறு வருதே, தாங்குவாரான்னு யோசிக்கணும்."

"கால எடுத்துட்டா?"

"முழங்காலுக்குக் கீழ எடுத்தா சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்."

"அப்ப எடுத்துடலாங்களா டாக்டர்?"

அண்ணன் அப்படி உடனே கேட்டான் அத்தை. குழம்பில் கிடக்கும் கறிவேப்பிலையை எடுத்துவிடலாமா என்று கேட்பதுபோல. முதலில் இதயம், கிட்னி எல்லாம் பார்க்க வேண்டும், அதற்கப்புறம் முடிவு செய்யலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரு கணக்கு உதைக்கிறது. நீங்கள் அடுத்த வருடம் அறுபது நிறைந்து அங்கன்வாடியிலிருந்து ஓய்வு பெறப் போகிறீர்கள். அப்பா உங்களைவிட இரண்டே வயது மூத்தவர் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் எழுபத்தாறு எங்கிருந்து வந்தது? அப்பாவிடம் கேட்டால், "அறுபதோ எழுபதோ, யாரு கண்டா" என்கிறார். அண்ணனிடம் கேட்டால், "கார்டுல இருக்கறதுதான் வயசு, வேலையைப் பாரு" என்கிறான். கார்டையும் அவன்தான் வைத்திருக்கிறான்.

அப்பாவின் ஜாதகம் உங்கள் பெட்டியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தயவு செய்து அனுப்புங்கள். பதில் கடிதமாகவே வரட்டும். அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்.

தங்கள் பதிலுக்கு வழி பார்க்கும்,
குந்தவை

கீழ்வேளூர்
28.06.2025

குந்தவைக் கண்ணுக்கு அத்தையின் ஆசிகள்.

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். மாமாவுக்கு முதுகு வலி வழக்கம்போல. பதில் போடத் தாமதமாகிவிட்டது, தப்பாக நினைக்காதே. அங்கன்வாடியில் எடை பார்க்கிற வாரம். பிள்ளைகளைத் தராசில் உட்கார வைப்பதற்குள் எனக்குப் பாதி எடை போய்விடுகிறது.

அண்ணனின் கால் விஷயம் படித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சின்ன வயதில் பனைமரம் ஏறிய கால் அது. டாக்டர் சொல்கிற மாத்திரைகளை நேரம் தவறாமல் கொடு. புண்ணில் மஞ்சள், சுண்ணாம்பு என்று யார் சொன்னாலும் எதையும் போடாதே.

பெட்டி பரண்மேல் இருக்கிறது. இறக்க ஆள் வேண்டும். பார்க்கிறேன்.

பிரபுவைத் தப்பாக நினைக்காதே. வெளிநாட்டில் ஐந்து வருடம் மாடு மாதிரி உழைத்தவன். அவனுக்குப் பேச்சு அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

ஒன்று கேட்கிறேன். அண்ணன் பீடியை விட்டுவிட்டாரா? விடவில்லை என்றால் கட்டிலை விட்டு இறங்க முடியாத ஆளுக்கு யார் வாங்கித் தருகிறார்கள்? அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

உன் நலத்தையும் அண்ணன் கால் நலத்தையும் கேட்டு நிற்கும்,
தங்கமணி

திருவையாறு
03.07.2025

அன்புள்ள அத்தைக்கு வணக்கம்.

மாமாவின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். எனக்குக் குறை ஒன்றுமில்லை. குறுவைக்குத் தண்ணீர் வந்து வாய்க்கால் நிறைந்து ஓடுகிறது. அப்பாதான் வரப்பைப் பார்க்கவில்லை.

அண்ணனைத் தப்பாக நினைக்காதே என்று எழுதியிருந்தீர்கள். நடந்ததை எழுதுகிறேன், நீங்களே சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு சீட்டு இருந்தது. அவன் கையெழுத்து. "வலது. முழங்காலிலிருந்து தரை வரை 46. செருப்பு 8" என்று எழுதியிருந்தது. அண்ணனுக்குச் செருப்பு 9. அப்பாவுக்குத்தான் 8. சீட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அப்பாவிடம் போய்க் கேட்டேன்.

"ஆமா பாப்பா, முந்தாநேத்து டேப்பு வச்சு என் கால அளந்தான். கொசுவல தைக்கப் போறானாம்."

கொசுவலை தைக்க ஒரு காலை மட்டும் யாராவது அளப்பார்களா?

அடுத்த நாள் தண்ணீர்க் குழாயடியில் கமலாம்பாள் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏண்டி, ஒங்க நெலத்தக் குத்தகைக்கு விடறீங்களாமே? பிரபு டீக்கடையில பேசிட்டிருந்தானாம். நீ வாயத் தொறக்க மாட்டே, ஊரே பேசுது" என்றார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அப்பாவுக்கு இரண்டு காலும் இருக்கிறவரை அவர் நிலத்தை விட மாட்டார். கால் போனால் நிலம் அண்ணன் கைக்கு வந்துவிடும். அதனால்தான் எழுபத்தாறு என்ற எண்ணை அவன் திருத்தாமல் வைத்திருக்கிறான் என்று நினைக்கிறேன். கிழவருக்கு எதற்குப் பெரிய ஆபரேஷன் என்று டாக்டரும் நினைக்கட்டும் என்றுதான்.

அத்தை, பெட்டியை இறக்கினீர்களா? ஜாதகத்தில் என்ன வருஷம் என்று மட்டுமாவது எழுதுங்கள்.

ஆவலோடு காத்திருக்கும்,
குந்தவை

கீழ்வேளூர்
22.07.2025

குந்தவைக் கண்ணுக்கு,

உன்னையும் அண்ணனையும் பிரபுவையும் பகவான் காப்பாற்றட்டும். நாங்கள் இருக்கிறோம்.

இங்கே நல்ல வெயில். நாற்று பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்று எல்லோரும் மெஷினைத் தேடுகிறார்கள். மாமா ஒரு நாயை வளர்க்க ஆரம்பித்திருக்கிறார். அது அவர் பேச்சைத் தவிர எல்லோர் பேச்சையும் கேட்கிறது.

பழைய காகிதங்களில் கரையான் ஏறியிருக்கும் போலிருக்கிறது. வயதில் என்ன இருக்கிறது கண்ணு? டாக்டர்கள் உடம்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். எண்ணைப் பார்த்து யாரும் காலை வெட்ட மாட்டார்கள். நீ இதையே பிடித்துக்கொண்டு அலையாதே.

பீடி விஷயம் கேட்டேனே? நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. அண்ணனுக்கு யார் வாங்கித் தருகிறார்கள்?

கோயில் திருநீறு வைத்திருக்கிறேன். அண்ணன் நெற்றியில் பூசு.

அன்புடன்,
தங்கமணி

திருவையாறு
26.07.2025

அத்தைக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இன்று மனம் இல்லை. மன்னிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். நாயைப் பற்றி நான்கு வரி இருக்கிறது. ஜாதகத்தைப் பற்றி "போலிருக்கிறது" என்று இருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தவர் கரையான் இருக்கிறது என்பார், அல்லது இல்லை என்பார். போலிருக்கிறது என்று எழுதுகிறவர் ஒன்று திறக்கவே இல்லை, இல்லையென்றால் திறந்துவிட்டு மறைக்கிறார்.

அண்ணன் உங்களிடம் போனில் பேசினானா? நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்கிறீர்களா? "வயதில் என்ன இருக்கிறது" என்று நீங்கள் எழுதிய அன்றைக்கே அவனும் அதே வார்த்தையைச் சொன்னான்.

கறுப்பு விரலைத் தாண்டிப் புறங்காலுக்கு ஏறுகிறது. இரண்டாவது விரலும் நிறம் மாறிவிட்டது. ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி அட்மிட் ஆகச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு எல்லா ரிப்போர்ட்டையும் வைத்து, காலைக் காப்பாற்றப் பார்ப்பதா எடுப்பதா என்று முடிவு செய்வார்களாம். உங்களிடம் இருக்கும் ஒரு தாளுக்காக நான் கெஞ்சுவது இது மூன்றாவது தடவை. நான்காவது தடவை கெஞ்ச நாள் இல்லை.

குந்தவை

கீழ்வேளூர்
02.08.2025
(பதிவுத் தபால்)

என் குந்தவைக்கு,

நீ எழுதியது சரி. திறந்துவிட்டுத்தான் மறைத்தேன். உன் முதல் கடிதம் வந்த அன்றே மாமாவை ஏறச் சொல்லிப் பெட்டியை இறக்கிவிட்டேன். ஜாதகத்தை இதோடு வைத்திருக்கிறேன். கரையான் தொடவில்லை.

வலது மேல் மூலையைப் பார். மஞ்சள் தடவிய இடத்தில் வருஷத்தின் பெயர் இருக்கிறது. முதல் எழுத்தின் மேல் மஞ்சள் அப்பிக் கிடக்கிறது. "ரோதி வருஷம் ஐப்பசி மாதம்" என்று மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

உன் அம்மா இருந்த காலத்தில், நீ சின்னக் குழந்தை, உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆதார் எடுத்தார்கள். நான் அப்போது அங்கே வந்திருந்தேன். அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. நம் வீட்டில் படித்தவள் நான்தானே. ஜாதகத்தை வாங்கி எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தேன். "விரோதி வருஷம், ஐப்பசி" என்றேன். மெஷினில் உட்கார்ந்திருந்த பையன் செல்லில் தேடிப் பார்த்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது என்று போட்டுக்கொண்டான். அண்ணன் எண்ணைக் கேட்கவே இல்லை. கண்ணை ஒரு டப்பாவுக்குள் வைக்கச் சொன்னதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

இப்போது தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார். மஞ்சளுக்கு அடியில் இருப்பது வி இல்லை, கு. குரோதி வருஷம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு. என்னுடையது பராபவ வருஷம், அறுபத்தாறு. எனக்கு இரண்டு வயது மூத்தவர் விரோதி வருஷத்தில் எப்படிப் பிறந்திருக்க முடியும்? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற எனக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை. பிறகு தோன்றியது. திருத்தச் சொல்ல வெட்கப்பட்டேன். ரேஷன் கடையில் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டால் சிரித்துக்கொள்வார், அப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் வாயிலிருந்து வந்த ஒரு எழுத்தால் என் அண்ணன் கால் போகப் போகிறது என்று நீ எழுதிய பிறகு எப்படிக் கண்ணு எடுத்து அனுப்புவேன்? ஒரு மாதம் அந்தத் தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

பிரபு என்னோடு பேசவில்லை. அவனுக்கு இது தெரியாது. நீ சண்டை போட வேண்டியது என்னோடுதான்.

எதற்கும் தகுதியில்லாத,
உன் அத்தை

திருவையாறு
13.08.2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் உடம்பும் மனமும் தேறியிருக்க வேண்டும். நான் எழுதிய சொற்களுக்கு வருத்தப்படுகிறேன்.

பதினொன்றாம் தேதி நடந்ததை எழுதுகிறேன்.

ஜாதகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். டாக்டரம்மா வார்டுக்கு வந்து அப்பா காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அண்ணனிடம் பேச ஆரம்பித்தார். சொல்ல வேண்டிய வாக்கியத்தைப் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். ஒன்றும் வெளியே வரவில்லை. தாளை மட்டும் எடுத்து நீட்டினேன்.

"என்னம்மா இது?"

நான் மூலையைக் காட்டினேன். அண்ணன் எட்டிப் பார்த்து, "இது எப்படி ஒங்கிட்ட வந்துச்சு?" என்றான். தாளை நீட்டியபடியே நின்றேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி மேகலா என்று ஒருவர், திருப்பனந்தாள்காரர். அவர்தான் எழுந்து வந்து தாளை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். "குரோதிங்க டாக்டர். போன வருஷம் வந்துச்சே, அதுக்கு அறுபது வருஷம் முன்னாடி வந்த குரோதி. ஐயாவுக்கு அறுபத்தொண்ணுதான் நடக்குது. பீடி குடிச்சுக் குடிச்சு மொகம் கெழடு தட்டிப் போச்சு."

அப்பா கட்டிலில் இருந்தபடி, "நான் அப்பவே சொன்னேன்ல, எனக்கு அவ்வளவு வயசு இல்லேன்னு" என்றார். அவர் எப்போதும் அப்படிச் சொன்னதில்லை.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அதுவரை நான், அப்பா வயது குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

"கார்ட மட்டும் பாத்து நாங்க முடிவு பண்றதில்ல. இதயம் பரவால்ல, கிட்னியும் பரவால்ல. அதோட வயசும் கம்மின்னா ஆபரேஷன் பண்ணலாம், தைரியமாவே பண்ணலாம். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்குங்க. எழுபத்தாறுன்னா ஆள் தங்குவாரான்னு பயம். அறுபத்தொண்ணுன்னா ஆள் தங்குவார், கால் தங்குமான்னு பயம். இந்த வயசுக்குள்ளயே இவ்வளவு அடைச்சிருக்குன்னா நோய் முரட்டு நோய். நாங்க வைக்கிற குழாயையும் அடைக்கப் பாக்கும். அப்ப முழங்காலுக்கு மேல எடுக்க வேண்டி வரும்."

"அதத்தான் டாக்டர் நானும் பயந்தேன்" என்றான் அண்ணன்.

"பயப்படுங்க. ஆனா பீடி நின்னா நம்ம பக்கம் பாதி ஜெயிச்ச மாதிரி." அப்பா பக்கம் குனிந்தார். "ஒவ்வொரு தடவையும் விட்டுட்டேன்னு சொல்றீங்க. மூச்சுல வாசன அடிக்குது. நடக்க முடியாத ஆளுக்கு யாரு வாங்கித் தர்றது?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"நான்தான் டாக்டர்" என்றான் அண்ணன்.

டாக்டரம்மா அவனைப் பத்து நிமிடம் திட்டினார். படிச்சவன்தானே, வெளிநாடெல்லாம் போனவன்தானே, அப்பா காலுக்கு நீயே எமனா என்று கேட்டார். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அண்ணன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டான்.

அவ்வளவுதான் விஷயம். இருபத்தொன்றாம் தேதி ஆபரேஷன். வேண்டிக்கொள்ளுங்கள்.

குந்தவை

கீழ்வேளூர்
18.08.2025

கண்ணு,

நீ சாப்பிடுகிறாயா? ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து இளைத்திருப்பாய்.

ஆபரேஷன் என்று படித்ததும் அழுதேன். தாளை நீட்டியது நீ. அது போதும் எனக்கு.

"அவ்வளவுதான் விஷயம்" என்று எழுதியிருக்கிறாய். நான் நம்பவில்லை. இரண்டு கடிதத்தில் நான் ஒரே கேள்வியைக் கேட்டேன், நீ இரண்டிலும் தாண்டிப் போனாய். நான் ஜாதகத்தைத் தாண்டிப் போனது போலவே. ஒளிக்கிறவளுக்கு இன்னொரு ஒளிக்கிறவளைத் தெரியும்.

நேற்று நான் பிரபுவுக்குப் போன் செய்தேன். கோபித்துக்கொள்ளாதே. அவன் சொன்னதை எழுதுகிறேன்.

"அத்த, அவளுக்கு யாருகிட்டயும் இல்லேன்னு சொல்ல வராது. அப்பா கேட்டா வாங்கிக் குடுத்துடுவா. எனக்கு ஆனி மாசமே தெரியும். அந்த வார்டுல அத்தன பேர் முன்னாடி டாக்டர் அவளத் திட்டியிருந்தா அங்கேயே செத்துப் போயிருப்பா. நான் திட்டு வாங்கினா என்ன, அப்பாகிட்ட வாங்காத திட்டா?"

கொசுவலை பற்றியும் கேட்டேன். முதலில் சிரித்தான், பிறகு சொன்னான். ஒருவேளை எடுக்க வேண்டி வந்தால் அப்பா ஒரு நாள்கூடத் தவழக் கூடாது என்று செயற்கைக் கால் செய்கிற இடத்துக்குப் போய் விசாரித்திருக்கிறான். அங்கே அளவு கேட்டார்களாம். அண்ணனிடம் எதற்கு என்று சொல்ல முடியாமல் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறான்.

குத்தகை விஷயம் உண்மை. சம்பாவிலிருந்து விடப் போகிறானாம். உனக்கும் அண்ணனுக்கும் சொல்லாமல் செய்தது தப்பு என்று நானும் சொன்னேன். "சேத்துல கால வைக்கக் கூடாத மனுஷனுக்கு எதுக்கு அத்த நெலம்?" என்றான்.

என் தப்பை நான் எழுதிவிட்டேன். உன்னுடையதை நீ எழுது. எழுதினால் குறையும் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் குறையவில்லை. ஆனால் தாள் என்னிடம் இல்லாததால் இப்போது தூங்குகிறேன்.

உன் அத்தை

திருவையாறு
26.08.2025

அத்தைக்கு வணக்கம்.

முதலில் நல்ல செய்தி. இருபத்தொன்றாம் தேதி ஆறு மணி நேரம் ஆபரேஷன் நடந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதம் இருக்கிறது. தொட்டால் சூடாக இருக்கிறது அத்தை. ஆறு மாதமாக அது மீன் மாதிரிச் சில்லென்று இருந்தது.

இனி அந்தக் கேள்வி. நான்தான்.

அப்பா கட்டிலில் விழுந்த நாளிலிருந்து நான்தான் வாங்கினேன். ரெத்தினம் அண்ணாச்சி கடைக்குப் போனால் நான் வாயைத் திறக்கவே வேண்டாம். என்னைப் பார்த்ததும் ஒரு பீடிக்கட்டை எடுத்து வைப்பார். எல்லாக் கடையிலும் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். அந்த ஒரு கடையில்தான் கேட்க மாட்டார்கள். அங்கே போவது எனக்குச் சுலபமாக இருந்தது. இதைச் சொன்னால் யாருக்கும் புரியாது என்று எழுதவில்லை.

அப்பா வலியில் கத்திக்கொண்டே இருப்பார். என்னைப் பார்த்து, "பாப்பா, ஒண்ணே ஒண்ணு" என்பார். கொடுத்தால் கொஞ்ச நேரம் சிரிப்பார். டாக்டரம்மா கூடாது என்று சொன்ன பிறகும் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு இட்லி டப்பாவுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோனேன். அதே கையால், அண்ணன் அப்பா காலை வெட்டப் பார்க்கிறான் என்றும் உங்களுக்கு எழுதினேன். நீங்கள் கேள்வி கேட்ட ஒவ்வொரு தடவையும் அவனைப் பற்றி இன்னும் ஒரு பக்கம் சேர்த்து எழுதினேன். இப்போது எடுத்துப் படித்தால் அது தெரியும். அந்தக் கடிதங்களைக் கிழித்துவிடுங்கள்.

வார்டில் அண்ணன் நான்தான் என்று சொன்னபோது, இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு சொல் போதும். அதுகூட வரவில்லை.

குந்தவை

கீழ்வேளூர்
01.09.2025

குந்தவைக்கு,

நான் நலமாக இருக்கிறேன் என்று இன்றைக்குத்தான் உண்மையாக எழுதுகிறேன். அண்ணன் பாதம் சூடாக இருக்கிறது என்ற வரியை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படி என்றார்.

கடிதங்களைக் கிழிக்க மாட்டேன். கிழித்தால் நீ ஒளித்ததும் போய்விடும், நீ என்னைக் கேட்டதும் போய்விடும்.

எனக்கு எழுதினாய். பிரபுவிடம் சொன்னாயா? அதைவிட முக்கியம், அண்ணன் வீட்டுக்கு வந்து மறுபடி ஒண்ணே ஒண்ணு என்று கேட்டால் என்ன செய்யப் போகிறாய்?

தங்கமணி

திருவையாறு
14.10.2025

அன்புள்ள அத்தைக்கும் மாமாவுக்கும்,

தீபாவளி வருகிறது. நீங்களும் மாமாவும் அந்த நாயும் நல்லபடியாகக் கொண்டாட வேண்டும். இங்கே குறுவை அறுத்தாகிவிட்டது. மழை பிடித்துக்கொண்டதால் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடி அண்ணன் காவல் இருக்கிறான்.

நீங்கள் கேட்ட முதல் கேள்விக்குப் பதில். அண்ணனிடம் சொல்ல வரவில்லை, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். "எழுத்துப்பிழை ரெண்டு இருக்கு" என்றான். பிறகு மடித்து வைத்துக்கொண்டு, "நெல விஷயத்த நானும் ஒங்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றான். அந்த விஷயத்தில் எனக்கு இன்னும் அவன்மேல் வருத்தம் உண்டு. அதையும் எழுதித்தான் கொடுத்தேன்.

அப்பா வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. போன வாரம் சோதனைக்குப் போனபோது, வைத்த குழாயில் ஒரு இடம் இப்போதே சுருங்குகிறது என்றார் டாக்டரம்மா. பலூன் வைத்து விரித்துவிட்டார்கள். "சின்ன வயசு கேஸ்ல இதுதான் தொல்லை. கண்ணுல எண்ணெய் விட்டுட்டுப் பாத்துக்கணும்" என்றார். கணுக்காலில் நாடி பார்க்க எனக்குக் கற்றுத் தந்திருக்கிறார். காலையும் மாலையும் பார்க்கிறேன். சில நாள் விரலுக்குக் கிடைக்காது. அப்போது என் நெஞ்சு அடித்துக்கொள்வதை அவர் நாடி என்று நினைத்துவிடுகிறேன். மூச்சை அடக்கி மறுபடி தேடுவேன்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் நேற்று நடந்தது.

அப்பா இப்போது கோல் ஊன்றித் தெருவில் கொஞ்சம் நடக்கிறார். நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். நேற்றுச் சாயங்காலம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது கோல் சத்தம் கேட்டது. தினமும் ஆற்றுப் பக்கம் போகிற சத்தம் கடைத்தெருப் பக்கம் போனது. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன்.

ரெத்தினம் அண்ணாச்சி கடை வாசலில் நின்றிருந்தார். கடையில் நான்கைந்து பேர். அண்ணாச்சி வழக்கம்போல எதுவும் கேட்காமல் பீடிக்கட்டை எடுத்துப் பலகைமேல் வைத்தார். அப்பா கையை நீட்டினார்.

"அதக் குடுக்காதீங்க அண்ணாச்சி."

யாரோ பேசியதுபோல இருந்தது எனக்கு. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அட, பஞ்சநதம் பொண்ணுக்குப் பேச வருமா?" என்று ஒருவர் சிரித்தார்.

"ஒண்ணே ஒண்ணு பாப்பா" என்றார் அப்பா.

"வேண்டாம்ப்பா."

"ஊரே பாக்குது. வீட்டுக்குப் போ."

"பாக்கட்டும். நீங்க வாங்க."

"ஏன், இத்தன நாள் நீதானே வாங்கிக் குடுத்தே?"

அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டார் அத்தை. கடைக்காரர் தராசைப் பார்த்தார். சிரித்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"ஆமாம், நான்தான் வாங்கிக் குடுத்தேன்" என்றேன். "ரெண்டு வெரல் போச்சு. இனிமே தர மாட்டேன்."

அப்பா என்னையே பார்த்தபடி நின்றார். நிறைய நேரம் நின்றார். ஒற்றைக் கோலில் நிற்பதால் கால் நடுங்கியது. கோபத்தில் அடிக்கப் போகிறாரோ என்று நினைத்தேன். அண்ணாச்சி கட்டை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் அப்பா பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"கையக் குடு. திரும்பறதுக்குத் தோதா நில்லு" என்றார்.

கொடுத்தேன். வீடு வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, சோறு போட்டபோதும் பேசவில்லை. இன்று காலை நாடி பார்க்க உட்கார்ந்தபோது காலை அவராகவே நீட்டினார்.

முதல் தடவை கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை கிடைத்தது.

உங்கள் இருவரின் சுகத்தையும் கேட்டு,
குந்தவை